அக்குறணையின் நஷ்டம் போடிக்கு லாபமா?

போடி பஜாரில் மிளகு விலை இறங்கினால் முதலில் காதில் விழுவது ஒரே வார்த்தைதான்: "இலங்கைச் சரக்கு இறங்கிருச்சு பாய்!" உண்மையிலேயே இறங்கியதா, எவ்வளவு இறங்கியது, எந்தத் துறைமுகத்தில் இறங்கியது என்று யாரும் விசாரிப்பதில்லை. டீக்கடையில் தொடங்கிய பேச்சு பள்ளிவாசல் திண்ணைக்கு வந்து சேர்வதற்குள் தீர்ப்பும் எழுதப்பட்டுவிடும். "வரியை இன்னும் ஏத்தணும். இலங்கைக்காரன உள்ளயே விடக்கூடாது!"

விவசாயி இப்படிப் பேசினால் அதில் நியாயம் இருக்கிறது. கொடியில் ஏணி சாத்திப் பறிக்கக் கூலி கொடுத்து, காயவைத்து, மூட்டை கட்டிக் கொண்டுவருபவனுக்கு விலை கட்டுபடியாகாவிட்டால் வயிறு எரியத்தான் செய்யும். ஆனால் நம் சமுதாய வியாபாரிகளும், உத்தமபாளையம் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரியில் வணிகவியல் படித்துவிட்டு அத்தாவின் கடையில் உட்கார்ந்திருக்கும் இளைஞர்களும் இதே பல்லவியைப் பாடும்போதுதான் சில கேள்விகளைக் கேட்க வேண்டியிருக்கிறது. அந்த இலங்கைக்காரன் யார்? அவனை வெளியே நிறுத்திய சட்டத்தால் போடிமெட்டுக்கு மேலே இருப்பவனுக்குக் கிடைத்தது என்ன? இடையில் கொழுத்தவர்கள் யார்?

மலை ஒருபுறம், மண்டி ஒருபுறம்

போடியின் பிழைப்பே எல்லை தாண்டிய பிழைப்பு. பூப்பாறை, சாந்தன்பாறை, ராஜாக்காடு, உடும்பன்சோலை, நெடுங்கண்டம், வண்டன்மேடு என்று ஏலத்தோட்டங்கள் விரிந்து கிடப்பது கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில். அங்கே களை எடுப்பதும் காய் பறிப்பதும் போடி, தேவாரம், கம்பம் பகுதிப் பெண்கள். விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறுகிறார்கள்; பொழுது சாயும்போது இறங்குகிறார்கள். பச்சைக்காய் மேலேயே உலர்த்தப்பட்டு மூட்டையாகக் கீழே வருகிறது. நறுமணப் பொருள் வாரியத்தின் ஏலம் கேரளப் பக்கம் புற்றடியிலும், தமிழகப் பக்கம் போடியிலும் நடக்கிறது. வாங்கிய காயைச் சல்லடையில் போட்டு எட்டு மில்லி, ஏழு மில்லி என்று பிரிப்பதும், வெடித்த காயைப் பொறுக்குவதும் மறுபடி நம் ஊர்ப் பெண்கள்தான். லாரிக்காரர், சுமைதூக்குபவர், சாக்கு விற்பவர், கமிஷன் மண்டிக்காரர், வடநாட்டுக்குச் சரக்கு அனுப்புபவர் என்று எல்லாச் சமூகத்தாரும் இதில் இருக்கிறார்கள். நம் ராவுத்தர் குடும்பங்களும் தலைமுறை தலைமுறையாக இருக்கின்றன. வெள்ளைக்காரன் 1928ல் மதுரையிலிருந்து போடிக்கு ரயில் பாதை போட்டானே, நம் மீதுள்ள பாசத்தாலா? மலைச் சரக்கு! (அந்தப் பாதை 2010 இறுதியில் மூடப்பட்டு, அகலப்பாதையாகி, போடிக்கு மறுபடி ரயில் வர 2023 ஜூன் வரை காத்திருந்தோம் என்பது தனிக் கதை.)

எல்லைக் கதவு சாத்தப்பட்டால் என்ன ஆகும் என்பதை நமக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பிரச்சினை கொதித்தபோது போடிமெட்டும் குமுளியும் அடைபட்டன. மேலே வேலைக்குப் போன தமிழ்க் குடும்பங்கள் பயந்து காட்டுப் பாதை வழியாக இறங்கி வந்தன. காய் செடியிலேயே நின்றது. பறிக்க ஆளில்லை என்று மலையாளத் தோட்டக்காரரும் அழுதார்; வேலை இல்லை என்று தேவாரத்துப் பெண்ணும் அழுதாள். அந்த நாட்களில் போடியில் எந்த வியாபாரியாவது "நல்லதாப் போச்சு" என்று சொன்னாரா? சொல்லவில்லை. ஏன் என்றால் அந்தக் கதவின் இரண்டு பக்கமும் நமக்குத் தெரிந்த முகங்கள் இருந்தன. கடலுக்கு அப்பால் சாத்தப்படும் கதவுக்குப் பின்னால் இருக்கும் முகம் நமக்குத் தெரிவதில்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

ஏலத்துக்கு வேலி வேண்டியதுதான்

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுவோம். இறக்குமதித் தீர்வையே கூடாது, எல்லாவற்றையும் திறந்துவிடு என்று உலக வங்கிக்காரர்கள் பேசும் பேச்சுக்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. ஏலக்காய்க்கு மத்திய அரசு வைத்திருக்கும் 70 சதவீத இறக்குமதி வரி இல்லாவிட்டால் போடி ஏல மையத்தின் நிலை என்ன ஆகியிருக்கும்?

குவாத்தமாலா என்ற நாடு மெக்சிகோவுக்குத் தெற்கே இருக்கிறது. சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜெர்மானியத் தோட்ட முதலாளி அங்கே கொண்டுபோய் நட்ட செடி ஏலம். அந்த நாட்டு மக்கள் ஏலக்காயை அநேகமாகத் தொடுவதே இல்லை. ஆனால் 1980களில் உலகிலேயே அதிகம் விளைவிக்கும் நாடாகிவிட்டார்கள். ஜித்தாவிலும் ரியாத்திலும் அரபுகள் குடிக்கும் கஹ்வாவில் ஒரு காலத்தில் மணந்தது நம் மலைக் காய். அந்த இடத்தைக் குவாத்தமாலா பிடித்துக்கொண்டது. நம் காயில் பூச்சிமருந்து எச்சம் இருப்பதாக வளைகுடாவில் எழுந்த புகார்கள் மிச்சமிருந்த பெயரையும் கெடுத்தன. இன்று நம் ஏலத்தில் பெரும்பகுதியை உள்நாடே தின்றுவிடுகிறது. அந்த உள்நாட்டுச் சந்தைக்குக் காவல் நிற்பது இந்த 70 சதவீதம்தான். அது இருக்கட்டும்.

குவாத்தமாலாவில் விளைவிப்பவனும் கோட்டீஸ்வரன் அல்ல. மலைச் சரிவில் துண்டு நிலம் வைத்திருக்கும் மாயா பழங்குடி மக்கள்தான் பெரும்பாலும். அவர்களிடமிருந்து பச்சைக்காயை வாங்கிப் பெரிய ஏற்றுமதியாளருக்குக் கொடுக்கும் இடைத்தரகருக்கு அங்கே என்ன பெயர் தெரியுமா? கொயோட்டே. நரி போன்ற ஒரு மிருகத்தின் பெயர் அது. நம் ஊரில் கமிஷன் ஏஜெண்ட் என்று மரியாதையாகச் சொல்கிறோம்!

ஆனால் வரி காவல் நிற்கும், விலையை நிர்ணயிக்காது. 2018 பெருவெள்ளத்திலும் அடுத்து வந்த வறட்சியிலும் செடி அழிந்ததால் 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் கிலோ 7000 ரூபாய் வரை போனது. அந்த விலையைப் பார்த்துக் கடன் வாங்கிச் செடி நட்டவர்கள் எத்தனை பேர்! 2022ல் அதே காய் ஆயிரத்துக்கும் கீழே கிடந்தது. இரண்டு ஆண்டிலும் இறக்குமதி வரி ஒன்றுதான். அல்லாஹ் இறக்கிய மழையும், மனிதன் அவசரப்பட்டு நட்ட செடியும்தான் விலையைப் புரட்டிப் போட்டன. இதை மனதில் வைத்துக்கொண்டு மிளகுக்கு வருவோம்.

மிளகுக் கணக்கு

மிளகுக்கும் பொதுவான வரி 70 சதவீதம். ஆனால் பக்கத்து நாடுகளுக்குச் சலுகை உண்டு. 1998 டிசம்பர் 28ல் வாஜ்பாயும் சந்திரிகா குமாரதுங்கவும் கையெழுத்திட்ட இந்திய–இலங்கை சுதந்திர வர்த்தக ஒப்பந்தம் 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. இலங்கை மிளகு வரியில்லாமல் வரத் தொடங்கியது. இடுக்கியிலும் வயநாட்டிலும் குடகிலும் எதிர்ப்புக் கிளம்பியது. பிறகு வரியில்லாமல் வரக்கூடிய மிளகுக்கு ஆண்டுக்கு 2500 டன் என்று உச்சவரம்பு போட்டார்கள். அதற்கு மேல் வந்தால் தெற்காசிய வர்த்தக ஒப்பந்தப்படி 8 சதவீதம். வியட்நாம் முதலிய ஆசியான் நாடுகளுக்கு 2009ல் கையெழுத்தான ஒப்பந்தப்படி 70ஐப் படிப்படியாக 50 சதவீதமாகக் குறைக்க ஒத்துக்கொண்டார்கள்.

இங்கேதான் சூட்சுமம். 1990களின் தொடக்கத்தில் மிளகு உலகில் வியட்நாமுக்குப் பெரிய பெயரே கிடையாது. பத்து ஆண்டுகளில் இந்தியாவை முந்தி முதலிடத்துக்குப் போனது. 2016க்குப் பிறகு அங்கே மிளகு குவிந்து உலக விலை சரிந்தது. வியட்நாமிலிருந்து நேராக வந்தால் ஐம்பதுக்கு மேல் வரி. கொழும்பு வழியாக இலங்கைச் சரக்கு என்று சான்றிதழ் ஒட்டி வந்தால் எட்டு, அல்லது ஒன்றுமே இல்லை! வியாபாரம் தெரிந்தவனுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையா? வியட்நாம் மிளகு இலங்கை வேடம் போட்டு வருகிறது என்று நம் விவசாயச் சங்கங்கள் கூச்சல் போட்டன. அதில் உண்மை இருந்தது. இல்லாவிட்டால் மறு ஏற்றுமதிக்காக மிளகை இறக்குமதி செய்வதை இலங்கை அரசே 2019 இறுதியில் தடை செய்திருக்குமா?

மத்திய அரசு என்ன செய்தது? வேடம் போட்டவனைப் பிடிக்கவில்லை. 2017 டிசம்பர் 6ல் ஓர் அறிவிக்கை: எந்த நாட்டு மிளகானாலும் துறைமுகம் வந்து சேரும் விலை கிலோவுக்கு 500 ரூபாய்க்குக் குறைவாக இருந்தால் கட்டுப்பாடு. 2018 மார்ச் 21ல் இன்னொரு அறிவிக்கை: கட்டுப்பாடு போதாது, தடை! நம் ஊரிலேயே விலை அதைவிடக் குறைவாக இருந்த நேரம் அது. 500 ரூபாய்க்கு வாங்கிக் கப்பலில் கொண்டுவந்து அதற்கும் குறைவாக விற்க எவனாவது பைத்தியக்காரன் இருப்பானா? ஆக, கதவு பூட்டப்பட்டது. வியட்நாம்காரனுக்கு மட்டும் அல்ல, தன் வீட்டுக் கொடியில் பறித்து விற்கும் மாத்தளைக்காரனுக்கும் சேர்த்து.

சரி, நம் விலை ஏறியதா? அதுதான் இல்லை. 2018ல் இறங்கியது. 2019லும் இறங்கியது. முந்நூறு ரூபாயைச் சுற்றிச் சுற்றி வந்தது. கதவைப் பூட்டிய பிறகும் வீட்டுக்குள் குளிர் அடித்தது என்றால் காற்று வேறு வழியாக வருகிறது என்று அர்த்தம். எல்லைகளில் கடத்தல் என்று ஒரு வழி. இன்னொரு வழி சட்டப்படியே திறந்தது. ஏற்றுமதிக்காக இறக்குமதி செய்யும் பெரிய நிறுவனங்களுக்கு, அதாவது மிளகிலிருந்து சாறும் எண்ணெயும் பிரித்து வெளிநாட்டுக்கு அனுப்பும் ஆலைகளுக்கு, இந்த 500 ரூபாய் நிபந்தனையிலிருந்து பின்னர் விலக்கு கொடுத்தார்கள். ஆலைக்காரனுக்குச் சன்னல் திறந்தது. போடியிலும் விருதுநகரிலும் பத்து மூட்டை, இருபது மூட்டை வாங்கி விற்கும் சில்லறை வியாபாரிக்குத்தான் கதவு.

மாத்தளையில் தராசு பிடித்தவர்

இனி அந்தப் பக்கம் போவோம். கண்டியிலிருந்து மாத்தளை போகும் சாலையில் இருப்பது அக்குறணை. நம்மைப் போலத் தமிழ் பேசும் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் ஊர். வியாபாரத்தில் பெயர் பெற்ற ஊர். கண்டி, மாத்தளை, கேகாலை, குருநாகல் மாவட்டங்களில் மிளகு நம் மலைபோல் பெரிய எஸ்டேட்டில் விளைவதைவிட வீட்டுத் தோட்டத்தில் விளைவதே அதிகம். நாலு மரம், நாலு கொடி. கூடவே கிராம்பு, ஜாதிக்காய். வளர்ப்பவர்கள் பெரும்பாலும் சிங்களக் குடும்பங்கள். வீடு வீடாகப் போய்த் தராசு பிடித்து வாங்கி, காயவைத்து, கொழும்புக்கு அனுப்புவோரில் நம் சகோதரர்கள் நிறைய. அந்த மிளகின் காரம் நம் மிளகைவிடத் தூக்கல். சாறு எடுக்கும் ஆலைகள் அதைத் தேடி வாங்குவதற்குக் காரணமும் அதுவே. அவர்களுக்கு முதல் வாடிக்கையாளர் இந்தியா.

அந்த வாடிக்கையாளர் கதவைச் சாத்தினார். உலக விலையும் சரிந்திருந்த நேரம். இரண்டும் சேர்ந்து இலங்கையில் மிளகு விலையைப் பாதிக்கும் கீழே கொண்டுபோய்விட்டன. விலை ஏன் விழுந்தது? கொடிக்குச் சொந்தக்காரரான சிங்கள விவசாயிக்கு டெல்லி அறிவிக்கை தெரியுமா, வியட்நாம் விளைச்சல் தெரியுமா? அவர் கண்ணெதிரே நிற்பவர் தராசு பிடித்த சோனகர் ஒருவர்தான். "போன மாசம் கொடுத்த விலையில் பாதி கொடுக்கிறானே, ஏமாற்றுகிறான்" என்றுதான் தோன்றும். எந்த ஊர் விவசாயிக்கும் அப்படித்தான் தோன்றும். அதுவும் எப்படிப்பட்ட நேரத்தில்? 2018 மார்ச் முதல் வாரத்தில் திகனையில் மூண்ட வன்முறை கண்டி மாவட்டத்தின் பல ஊர்களுக்குப் பரவியது. பள்ளிவாசல்களும் கடைகளும் வீடுகளும் கொளுத்தப்பட்டன. நாடு முழுதும் அவசரநிலை பிறப்பிக்கப்பட்டது. அக்குறணையும் தப்பவில்லை. அதே மார்ச் மாதம் 21ஆம் தேதிதான் டெல்லியில் "தடை" என்று மாற்றி எழுதினார்கள்.

இரண்டுக்கும் முடிச்சுப் போடவில்லை. மிளகுக்காகக் கலவரம் நடக்கவில்லை. அது இனவெறியர்கள் திட்டமிட்டு மூட்டிய தீ. நாம் கேட்பது வேறு. கடை எரிந்த செய்தி வந்தபோது இங்கே நம் ரத்தம் கொதித்தது. கண்டனக் குரல் எழுப்பினோம். எரிந்த கடையை மறுபடி கட்டி, சரக்கு வாங்கி வைத்தவர் அதை விற்க முடியாமல் கதவு சாத்தப்பட்டபோது நம்மில் யாருக்காவது அது செய்தியாகவாவது தெரிந்ததா? சிலர் பஜாரில் சந்தோஷப்பட்டோம்!

"எலங்கை மொளகு வரலேன்னா நமக்கு நல்லதுதானே மாமு?" என்று கம்பத்து இளைஞர் ஒருவர் கேட்டார். வந்திருந்தால் மாமுவுக்கு நஷ்டம் என்று வைத்துக்கொள்வோம். வராததால் மாமுவுக்கு என்ன லாபம் வந்தது என்று கணக்குப் பார்க்கச் சொன்னேன். 2018, 2019ஆம் ஆண்டுக் கடைப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தாலே போதும்.

ஐந்நூறு ரூபாய் பில்

குறைந்தபட்ச விலைச் சட்டம் இன்னொரு கேட்டையும் கொண்டுவந்தது. பட்டவர்த்தனமாகவே எழுதிவிடுவோம். சரக்கின் உண்மை விலை 300. சட்டம் கேட்பது 500. என்ன செய்வது? பில்லை 500க்குப் போடு! வங்கி மூலம் 500 போகும்; மிச்சம் 200 வேறு வழியில் திரும்பி வரும். கூடுதல் விலைக்குப் பில் போட்டு மிளகு வந்ததாக அந்த ஆண்டுகளில் விவசாயச் சங்கங்களே புகார் சொல்லின. பெரிய முதலைகள் இதில் நீந்துவார்கள். அவர்களுக்கு வக்கீல் உண்டு, ஆடிட்டர் உண்டு. ஆனால் இந்த வேலையில் பத்துப் பேர் இருந்து அதில் ஒரே ஒரு "பாய்" இருந்தாலும் மறுநாள் பத்திரிகையில் யார் பெயர் வரும்? ஹவாலா என்ற சொல்லுக்கு நம் தாடியையும் தொப்பியையும் படமாகப் போட்டுப் பழகிய நாடு இது. சம்பாதிப்பவன் ஒருவன், சந்தேகப் பார்வையைச் சுமப்பது ஊரே!

இது உலக விவகாரம் மட்டுமல்ல. ஹலால், ஹராம் விவகாரமும்கூட. பொய் பில்லில் வந்த பணத்துக்கு ஜகாத் கொடுத்தால் சுத்தமாகிவிடுமா?

உமர் (ரலி) போட்ட சுங்கம்

சுங்கம் பற்றி மார்க்கத்தில் என்ன இருக்கிறது என்று சில இளைஞர்கள் கேட்கக்கூடும். இருக்கிறது, விரிவாகவே இருக்கிறது.

மதீனாவில் விலை ஏறியபோது விலையை நிர்ணயித்துவிடுங்கள் என்று மக்கள் அல்லாஹ்வின் தூதரிடம் (ஸல்) கேட்டார்கள். நபியவர்கள் மறுத்துவிட்டார்கள். எவர் மீதும் அநீதி இழைத்த நிலையில் இறைவனைச் சந்திக்க விரும்பவில்லை என்பதுதான் அதன் சாரம். அதே நபியவர்கள், ஊருக்கு வெளியே போய் வழியிலேயே வணிகக் கூட்டத்தை மடக்கி, சந்தை விலை தெரியாதவனிடம் அடிமாட்டு விலைக்கு வாங்குவதைத் தடுத்தார்கள். பதுக்கலைத் தடுத்தார்கள். விலையில் கை வைக்கவில்லை. ஏமாற்றில் கை வைத்தார்கள். பிற்காலத்தில் இப்னு தைமிய்யா (ரஹ்) போன்ற அறிஞர்கள், வியாபாரிகள் கூட்டுச் சேர்ந்து அநியாயம் செய்தால் அரசு விலையில் தலையிடலாம் என்று விளக்கினார்கள். அங்கேயும் அளவுகோல் அநீதிதான்.

உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில், அயல்நாடுகளில் முஸ்லிம் வணிகர்களிடம் பத்தில் ஒரு பங்கு வசூலிக்கிறார்கள் என்று அபூ மூஸா அல்அஷ்அரீ (ரலி) எழுதிக் கேட்டபோது, அவர்களின் வணிகரிடம் நீங்களும் அதே அளவு வாங்குங்கள் என்று பதில் போனது. சரிக்குச் சரி. ஆனால் அதே உமர் (ரலி), மதீனாவுக்குக் கோதுமையும் ஒலிவ எண்ணெயும் கொண்டுவந்த நபத்திய வணிகர்களிடம் இருபதில் ஒரு பங்கு மட்டுமே வாங்கினார்கள். சரக்கு அதிகம் வரட்டும் என்பதற்காக! பருப்பு வகைக்குப் பத்தில் ஒன்று. எந்தச் சரக்கு, யாருடையது, ஊருக்கு அதன் தேவை என்ன என்று பார்த்துப் பார்த்துப் போட்ட வரி அது. பதினான்கு நூற்றாண்டுக்கு முன் கணினி இல்லாமல் அவர்கள் செய்ததை, டெல்லியில் இத்தனை அதிகாரிகளை வைத்துக்கொண்டு செய்ய முடியாதா? ஒரே கம்பைச் சுழற்றி வியட்நாமையும் அடித்து மாத்தளையையும் அடிப்பானேன்?

அடி வாங்கினால்தான் தெரியுமா?

2025 ஆகஸ்ட் 27 அன்று இந்தியச் சரக்குகளுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்டது. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ராணிப்பேட்டையிலும் தோல் தொழிலை நம்பியிருக்கும் நம் குடும்பங்கள் எப்படிக் கலங்கின! ரஷ்யாவிடம் எண்ணெய் வாங்கியது டெல்லி. தண்டனை ஆம்பூரில் செருப்புத் தைக்கும் பெண்ணுக்கா என்று நாம் எல்லோரும் கேட்டோம். சரியான கேள்வி. வியட்நாம் மிளகை வேடம் போட்டு அனுப்பியது கொழும்பில் இருக்கும் சில பெரிய கைகள். தண்டனை மாத்தளைக் கொடிக்காரனுக்கா என்று கேட்டால் அது மட்டும் தப்பான கேள்வியா?

பெரிய நாடுகள் எல்லாமே இப்படித்தான். 2025 அக்டோபரில் அமெரிக்கா வெளிநாட்டு மரத்துக்கு 10 சதவீதம் புதிதாக வரி போட்டது. கனடாவின் மென்மரத்துக்கு ஏற்கெனவே இருந்த வரிகளின் தலைமேல் இதுவும் ஏறியது. அங்கே ஓர் ஊருக்கு ஒரு மரமில் என்றால் அந்த ஊரே அந்த மில்தான். நம் சுங்கப் பட்டியலிலும் மரத்துக்கு ஒரு வேடிக்கை உண்டு. கட்டையாக வந்தால் வரி குறைவு; அறுத்துப் பலகையாக வந்தால் வரி அதிகம். அதாவது, காட்டை வெட்டி எங்களிடம் கொடு, அறுக்கும் கூலியை மட்டும் உன் ஊரில் வைத்துக்கொள்ளாதே என்று அர்த்தம். பலகைக்குப் போட்ட புத்தியேதான் மிளகிலும்: மூலப்பொருளாக ஆலைக்குப் போனால் விலக்கு, வியாபாரச் சரக்காக மண்டிக்கு வந்தால் தடை.

இலங்கையும் சாதுவல்ல என்பதையும் எழுதத்தான் வேண்டும். 2007ல் வந்த சட்டத்தின்படி அங்கே வெங்காயம், உருளைக்கிழங்கு, மிளகாய் போன்றவற்றுக்கு விசேட பண்ட வரி என்று ஒன்று இருக்கிறது. மாத்தளை மாவட்டத்தின் தம்புள்ளையில் பெரிய வெங்காயம் அறுவடைக்கு வரும்போது இந்திய வெங்காயத்துக்கு அந்த வரியை ஏற்றுவார்கள். அறுவடை முடிந்து சந்தையில் தட்டுப்பாடு வந்தால் இறக்குவார்கள். நம் வெங்காய வியாபாரிக்கு அது கசக்கும். ஆனால் யோசித்துப் பார்த்தால் அதில் ஒரு புத்தி இருக்கிறது. தன் விவசாயிக்கு வேலி தேவைப்படும் மாதத்தில் வேலி. மற்ற மாதத்தில் வழி.

நம் மலையில் மிளகு அறுவடை டிசம்பரில் தொடங்கி மார்ச் வரை போகும். அந்த நான்கு மாதமும் வேலியை எவ்வளவு வேண்டுமானாலும் உயர்த்திக்கொள்ளட்டும். குரங்கணி, கொட்டகுடி முதுவரும் பிழைக்கட்டும், சாந்தன்பாறைத் தோட்டக்காரரும் பிழைக்கட்டும். மற்ற எட்டு மாதமும் அதே பூட்டு எதற்கு?

2024, 2025 ஆண்டுகளில் உலகம் முழுதும் மிளகு விலை ஏறியதால் அந்த 500 ரூபாய்ச் சட்டம் யாரையும் கடிக்கவில்லை. பாம்பு படுத்திருக்கிறது என்பதற்காகப் பக்கத்தில் பாய் விரிப்போமா? வியட்நாமில் இரண்டு நல்ல மழை பெய்து விளைச்சல் பெருகினால் மறுபடி விலை சரியும். மறுபடி பஜாரில் "இலங்கைச் சரக்கு" என்ற குரல் கேட்கும். பேச வேண்டிய நேரம் விலை நன்றாக இருக்கும் இந்த நேரம்தான்.

என்ன கேட்பது? வரியில்லாமல் வரும் 2500 டன்னைக் கொழும்புப் பெருமுதலாளிகளின் பெயரில் அல்லாமல் இலங்கை மிளகு விவசாயிகளின் சங்கங்கள் பெயரில் ஒதுக்கும்படி அந்நாட்டு அரசுடன் பேசக் கேட்கலாம். வந்து இறங்கும் ஒவ்வொரு லாட்டிலும் சாம்பிள் எடுத்து, காரம் பார்த்து, இலங்கைச் சரக்குத்தானா என்று சோதிக்கத் தூத்துக்குடியிலேயே ஏற்பாடு கேட்கலாம். வேடதாரி மாட்டினால் அவன் உரிமத்தைப் பறிக்கட்டும். நிரந்தரமான 500 ரூபாய்க்குப் பதிலாக அறுவடை மாதங்களுக்கு மட்டும் கூடுதல் வரி என்று கேட்கலாம். ஆலைக்குக் கொடுத்த விலக்கில் வந்த மிளகு வெளிச்சந்தையில் கசிகிறதா என்று ஆண்டுதோறும் கணக்கு வெளியிடச் சொல்லலாம். இதில் எதுவும் இடுக்கி விவசாயிக்கு எதிரானது அல்ல. மலையாள விவசாயச் சங்கத்தாரிடம் முதலில் போய்ப் பேச வேண்டியதும் நாம்தான். தினமும் அவர்களோடு கணக்கு வைத்திருப்பவர்கள் நாம்தானே.

நம் இளைஞர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. அக்குறணை, மாத்தளை வியாபாரிகளோடு பேச மொழி தடையில்லை. செல்போனில் ஒரு நிமிடம். அங்கே இன்று கொடியடி விலை என்ன, இங்கே மண்டி விலை என்ன என்று வாரம் ஒருமுறை இரண்டு பக்கமும் எழுதி வைத்துக்கொண்டால் "சரக்கு இறங்கிருச்சு" என்ற வதந்தியை வைத்து விலையை அடிக்கும் தரகனுக்குப் பிழைப்பு போய்விடும். ஏலத்துக்கு நறுமணப் பொருள் வாரியம் வெளியிடும் தினசரி விலைப் பட்டியல் இருக்கிறது. மிளகுக்கு இப்படி ஒன்றை நாமே ஏன் ஆரம்பிக்கக்கூடாது? ஜும்ஆவுக்குப் பின் பத்துப் பேர் உட்கார்ந்தால் ஆகிற காரியம்.

மனுவை நம் சமுதாயத்தின் பெயரில் தனியாகக் கொடுக்க வேண்டாம். போடி, கம்பம், உத்தமபாளையம் வியாபாரிகள் சங்கங்களில் எல்லாச் சமூகத்தாரும் இருக்கிறார்கள். அந்தச் சங்கங்களில் தீர்மானம் போட்டு, தேனி நாடாளுமன்ற உறுப்பினர் மூலமாக வர்த்தக அமைச்சகத்துக்கும், நகல் ஒன்று கொச்சியில் உள்ள நறுமணப் பொருள் வாரியத்துக்கும் போகட்டும். டிசம்பரில் முதல் மூட்டை மிளகு போடிமெட்டு இறங்கி வருவதற்குள் மனு டெல்லி போய்ச் சேர வேண்டும்.